சிவப்பு அடுக்கு, பச்சை அடுக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணி. புந்தோங்கில் வெயில் இன்னும் தணியவில்லை. மடிக்கணினியின் முன் உட்கார்ந்தபடியே அம்மா தூங்கிவிட்டார்.

துளசி மின்விசிறியை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

அம்மாவின் பெயர் விமலா. சிம்பாங் பூலாயில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில், வீட்டிலிருந்தே மின்சுற்றுப் பலகைகளை வரைந்து கொடுப்பார். இப்போது வரைந்திருக்கும் பலகை ஒரு முதியோர் இல்லத்துக்கு. கட்டிலில் இருப்பவர்கள் பொத்தானை அழுத்தினால் உதவிக்கு மணி அடிக்க வேண்டும். அம்மா தனியாகவே முழுதும் வரைந்த முதல் பலகை இது.

"எல்லாம் முடிஞ்சது. ஈமெயில்ல போட்டு வச்சிட்டேன். பத்து நிமிஷத்துல எழுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். பத்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. துளசிக்கு எழுப்ப மனம் வரவில்லை.

அவள் நாளிதழில் 'ஆறு வித்தியாசங்கள்' பகுதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து கிடைத்துவிட்டன. ஆறாவதைக் காணோம்.

கைப்பேசி அதிர்ந்தது. துளசி பாய்ந்து எடுத்தாள். அம்மாவுக்கு இந்த வேலையைக் கொடுத்த கனகராஜ்.

"அம்மா எங்க?"

"தூங்குறாங்க அங்கிள்" என்று கிசுகிசுத்தாள்.

"அலாமாக்! ஆறு மணிக்கு நான் பலகை செய்ற ஃபேக்டரிக்கு அனுப்பணும்லா. முப்பது பலகை! வேலை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சாம். ஈமெயில்ல இருக்கு."

"அப்ப நீயே அனுப்பிடு. ஒரு பட்டன்தானே? அம்மா தூங்கட்டும், பாவம்."

துளசிக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. விரலை நீட்டினாள். அப்போதுதான் திரையில் அருகருகே இருந்த இரண்டு படங்களைப் பார்த்தாள்.

பலகையின் உள்ளே இருக்கும் இரண்டு மெல்லிய செம்பு அடுக்குகளின் படங்கள் அவை. சிவப்பு அடுக்கு மின்சாரம் வரும் வழி, அதாவது பவர். பச்சை அடுக்கு அது திரும்பிப் போகும் வழி, கிரவுண்ட். பலகையில் போடும் ஒரு துளை எந்த அடுக்கைத் தொடுகிறதோ அங்கே சின்னக் கூட்டல் குறி தெரியும். தொடாத அடுக்கில் வெறும் வளையம். "ரெண்டையும் ஒரே துளை தொடக்கூடாது" என்று அம்மா முன்பு சொல்லியிருக்கிறார்.

துளசி முதல் துளையைப் பார்த்தாள். சிவப்பில் கூட்டல். பச்சையிலும் கூட்டல்.

அடுத்தது? வளையம். அங்கேயும் வளையம்.

பத்துத் துளைகளைப் பார்த்துவிட்டாள். நிறத்தைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை.

"அங்கிள், நான் அனுப்பல. அம்மா ஒருக்கா பாக்கணும். அஞ்சு நிமிஷம் குடுங்க."

"மணி என்னாச்சு தெரியுமா?"

"நீங்க அஞ்சு நிமிஷத்துல வாரேன்னு சொன்னா அரை மணி நேரம் ஆகும்ல? அதுல கொஞ்சம் எனக்குக் குடுங்க."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. "சரிலா. ஆறு மணி வரைக்கும்தான்!"

துளசி குடுவையிலிருந்து தேநீரை ஊற்றினாள். அம்மாவின் தோளை மெதுவாகத் தொட்டாள். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. மறுபடி தூங்கச் சொல்லலாமா என்றுகூடத் துளசிக்குத் தோன்றியது.

"அம்மா, இந்த ரெண்டு படத்துலயும் வித்தியாசமே இல்ல."

அம்மா குனிந்து பார்த்தார். தேநீர்க் குவளை பாதி வழியில் நின்றது.

"அட முருகா! பச்சைய அப்படியே காப்பி பண்ணி சிவப்புல போட்டேன். பேர பவர்னு மாத்தவே இல்ல. பிழை இருக்கான்னு சோதிக்கவும் மறந்துட்டேன்."

"புகை வந்திருக்குமா?"

"புகைகூட வராது. ரெண்டுமே கிரவுண்ட். பவர் போக வழியே இல்ல. அவங்க அழுத்திக்கிட்டே இருப்பாங்க, மணி அடிக்காது."

அம்மா சிவப்பு அடுக்கின் பெயரை மாற்றினார். செம்பை மறுபடி நிரப்பினார். கூட்டல்கள் வளையங்களாயின. பல வளையங்கள் கூட்டல்களாயின. இந்த முறை சோதனையும் செய்தார். பிழைகள்: பூஜ்யம். புதிய கோப்பு ஐந்து ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.

அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு துளசியின் கன்னத்தைத் தொட்டார்.

"எழுப்பவே மனசு வரலம்மா" என்றாள் துளசி.

"தெரியுது. பத்து நிமிஷம்னு சொன்னவ எவ்வளவு நேரம் தூங்கியிருக்கேன்!"

பாயை விரித்துப் படுத்ததும் அம்மா உறங்கிப்போனார். துளசி மின்விசிறியை மறுபடி அவர் பக்கம் திருப்பிவிட்டு நாளிதழை எடுத்தாள்.

ஆறாவது வித்தியாசம் இப்போது உடனே தெரிந்தது. ஒரு படத்தில் பூனை விழித்திருந்தது. மற்றதில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.