நாலாவது மாடியில் ஒரு பாடி!

இடுப்பில் யாரோ ஆணி அடிப்பது போல் ஒரு வலி!

ஸ்பானர் அக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபது வருடமாக வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் சுமந்த இடுப்பு. இன்றைக்குப் பார்த்து மக்கர்!

கடையில் இருந்த கூட்டாளிக்குப் போன் போட்டாள்.

"ஏய்... நாலாவது மாடியிலேர்ந்து பாடியை இறக்கிட்டிருக்கேன். செம கனம்! பாதியில மாட்டிக்கிட்டேன். சாக்கு எடுத்துட்டு ஓடி வா. கையுறையை மறந்துடாத!"

படி வளைவுக்குக் கீழே காய்கறிப் பையோடு ஏறி வந்த குடியிருப்புச் செயலாளர் காதில் அத்தனையும் விழுந்தது.

பாடி!

சாக்கு!

கையுறை!!

பத்தே நிமிடம்... போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கி ஓடி வந்தவர் இன்ஸ்பெக்டர். ஸ்பானர் அக்காவின் கூடப்பிறந்த தம்பி.

"அக்கா... நீயா? பாடி எங்க?"

"இதோ. ஒரு கை பிடிடா."

இடுப்புயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டேங்க்.

"மெஷினோட இந்த டேங்கை எங்க தொழில்ல பாடின்னுதான்டா சொல்லுவோம். நீ எதை நெனச்ச?"

"ஆளுங்க முன்னாடி 'டா' போடாதக்கா!"

"சரிங்க சார்டா."

கான்ஸ்டபிள் இருமி, சிரிப்பை மறைத்தார்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் கோட்டுக்காரர். கீழ் வீட்டுக்காரர். மெஷின் வியாபாரி. அந்தக் குடியிருப்பில் நாற்பது வீடு. எல்லோருக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு. அடிப்பாறையில் இருந்து அந்தத் தண்ணீரில் ரேடியம் கரைந்து வருகிறது என்று போன வருடம் பரிசோதனையில் தெரிந்ததுமே, முப்பத்தொன்பது வீட்டில் தன் மெஷினை மாட்டிவிட்டார். நாலாவது மாடி டெய்லர் வீட்டில் மட்டும் ஸ்பானர் அக்கா மாட்டியது.

கோட்டுப் பையிலிருந்து கதிர்வீச்சு மீட்டர் ஒன்று வெளியே வந்தது. டேங்க் அருகே நீட்டினார்.

டிக்... டிக்... டிக்டிக்டிக்!

"கேட்டீங்களா சார்? இது கொலை முயற்சி! இப்ப என் மெஷினைப் பாருங்க."

செயலாளர் வீட்டு மெஷின் வந்தது. மீட்டரை வைத்தார்.

மூச்!

கூட்டம் நாலு படி பின்வாங்கியது. "ஐயோ, அந்தம்மா டெய்லர் வீட்டுக்குள்ள விஷத்தை வச்சிருக்காங்க!" என்று அலறினார் செயலாளர்.

தம்பியின் கை விலங்கைத் தேடியது.

"சாரிக்கா... எனக்கு வேற வழி தெரியல."

ஸ்பானர் அக்கா சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஆ...! ஏன்டா, பொறியில எலி இருந்தா பொறி கெட்டுப்போச்சுன்னா அர்த்தம்?"

"என்னக்கா உளர்ற?"

"இதுக்குள்ள ரெசின்னு ஒரு பிசின், குட்டிக் குட்டி மணியா இருக்கு. ஒரு வருஷமா தண்ணியில வந்த ரேடியத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. அதான் கத்துது! நிரம்பிடுச்சு, மாத்தத்தான் இறக்கினேன். பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னா ஒண்ணும் ஆகாது, குடிச்சாத்தான் வம்பு. குப்பையில போடக்கூடாது, அதுக்குன்னு இருக்கிற ஆளுங்ககிட்ட ஒப்படைக்கணும். கையுறை கேட்டது அதுக்குத்தான். அதே கிணறு, அதே ஒரு வருஷம்... இந்தக் கோட்டு சாரோட மெஷின் மட்டும் ஏன் ஊமையா நிக்குது?"

செயலாளர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப... எங்க எலியெல்லாம்?"

"நீங்க தொட்டுட்டிருக்கிற இடத்துலதான்."

"நாங்க கொதிக்க வச்சுத்தானே குடிச்சோம்!"

"தண்ணிதான் ஆவியாப் போகும். ரேடியம் ஜம்முனு பாத்திரத்துலயே உட்கார்ந்திருக்கும்."

கோட்டுக்காரர் மீட்டரைக் கோட்டுக்குள் திணித்தார். "பொ... பொய்! என் மெஷின் நூத்துக்கு நூறு பிடிக்கும்!"

"என்னுதே நூறு பிடிக்காது. தொண்ணூறு சொச்சம். நூறுன்னு சொல்றவனைத்தான்டா தம்பி பிடிக்கணும்!"

ஸ்பானர் இரண்டு சுற்று சுற்றியது. ஊமை மெஷினின் மூடி கழன்றது.

உள்ளே... ஒரு பஞ்சு. ஒரு நீல பல்பு.

அவ்வளவுதான்!

கோட்டுக்காரர் கீழ்ப்படியைப் பார்த்தார். கான்ஸ்டபிள் அங்கே நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்! கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். என் வீட்டுலயும் இதே மெஷின்தான்... நானும் இதைத்தான் குடிக்கிறேன்!"

இன்ஸ்பெக்டர் தயங்கினார். பாவம், இவனும் ஏமாந்தவன்தானோ...?

"ஒரு நிமிஷம் சார்!"

மேலிருந்து குரல். கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லர் இறங்கி வந்தார்.

"இவரா இதைக் குடிக்கிறாரு? தினமும் காலையில காலிக் குடத்தோட என் வீட்டு வாசல்லதானே சார் நிப்பாரு!"

கோட்டுக்காரர் படியிறங்கி ஓடப் பார்த்தார்.

க்ளிக்!

இது மீட்டர் இல்லை. விலங்கு!

ஜீப் கிளம்பியபோது டெய்லர் குறுக்கே கையை நீட்டினார்.

"சார், 'கடனாத்தான் கேக்கறேன், திருப்பித் தந்துடறேன்'னு சொல்லித்தான் பிடிச்சுட்டுப் போனாரு. மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு குடம் தண்ணி, அப்படியே பாக்கி நிக்குது... ஜெயில்ல குழாய் இருக்கும்ல?"