ஜெசிந்தாவின் கணுக்கால்

காலையில் அடுப்பில் இட்லிக் கொப்பரையை ஏற்றும்போதே முப்பிடாதிக்கு ஜெசிந்தாவின் கணுக்கால் வலிக்கத் தொடங்கிவிட்டது. "மகராசி எந்திரிச்சிட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே தன்னுடைய நல்ல காலைத் தடவிக்கொண்டாள்.

ஜெசிந்தா இருந்தது நாலு தெரு தள்ளி. ஆனால் தூத்துக்குடியின் அந்த இறால் ஆலைக்குப் போகிற எல்லாருடைய இடது மணிக்கட்டிலும் வலிப்பங்கி என்றொரு பட்டை உண்டு. தூங்கும்போதும் கழற்றுவதில்லை. நின்றுகொண்டே இறால் உரிக்கும் ஒரு மேசைக்குப் பன்னிரண்டு பெண்கள். ஒருத்திக்கு அடிபட்டால் தன் பங்கியில் கட்டைவிரலை வைத்து ஒப்புதல் தருவாள். அவள் நரம்பு அனுப்பும் வலியைக் கருவி பன்னிரண்டு துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடும். எலும்பு முறிந்த வலி எறும்புக்கடியாகிவிடும். சட்டப் புத்தகத்தில் காய விடுப்பு பத்திரமாகத்தான் இருந்தது. பங்கி வந்த இந்த நாலு வருடமாக யாரும் அதைக் கேட்கவில்லை. வாயெடுத்தாலே, "அதான் பங்கு போட்டாச்சுல்லா?" என்பார் சூப்பர்வைசர் கனிராஜ்.

ஜெசிந்தா வழுக்கி விழுந்து பதினோரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து மேசைக்கு அவள்தான் ராணி. கூடத்தில் இருந்த ஒரே முக்காலி அவளுக்கு. அவள் காலைத் தப்பாக வைத்தால் பன்னிரண்டு பேருக்கும் சுருக்கென்று குத்துமே! அதனால் டீ அவள் இருக்கிற இடத்துக்கே வரும். பேச்சி தைலம் தேய்த்துவிடுவாள். அந்தப் பேச்சி யார்? ஏழு வருடமாக முப்பிடாதியோடு ஒரே பஸ்ஸில் போகிற சிநேகிதி. முப்பிடாதியோ நகக்கண்ணில்கூட அடிபடாதவள். ஊரார் வலியையெல்லாம் வாங்கிச் சுமந்தாள், "உனக்கு எப்படிப்பா இருக்கு?" என்று ஒருத்தி கேட்டதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த வெள்ளிக்கிழமை குளிரறையின் இரும்புக் கதவு அவள் இடது கைமேல் அடித்துச் சாத்தியது. இரண்டு விரல்கள் முறிந்தன. கண்ணில் பூச்சி பறந்தது. அந்த வலியிலும் அவள் மனதின் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்ததைச் சொல்லத்தான் வேண்டும். இனி முக்காலி யாருக்கு?

கனிராஜ் ஓடிவந்தார். "வெரல வைங்கக்கா, ரெண்டு நிமிசத்துல சரியாப்போவும். இன்னைக்கு லோடு ஏத்தணும்."

முப்பிடாதி வலது கட்டைவிரலைத் தூக்கினாள். ஜெசிந்தா முக்காலியை விட்டு அசையவில்லை. "கையிலதான அடி? நிக்கதுக்கு என்ன?" என்றாள்.

அதைக்கூட முப்பிடாதி பொறுத்திருப்பாள். பேச்சிதான் கெடுத்தாள். "ஐயோ பாவம் ஜெசிந்தாக்கா! கால்வலியோட இப்ப இவ கைவலியையும்லா சொமக்கணும்?"

மேசையே ஜெசிந்தாவைப் பார்த்து உச்சுக்கொட்டியது. முறிந்தது முப்பிடாதியின் விரல், இரக்கம் போனது ஜெசிந்தாவுக்கு!

"ஒருத்தியும் சொமக்க வேண்டாம். என் வலியில இவளுக்கு ஒரு பொட்டுகூடக் குடுக்க மாட்டேன்." பல்லைக் கடித்துக்கொண்டு பங்கியைக் கழற்றி கனிராஜ் கையில் வைத்தாள் முப்பிடாதி. "சட்டத்துல காய லீவு இருக்குல்லா? எழுதிக்கிடுங்க."

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு ஐந்து வாரம் என்றார்கள். கனிராஜ் தினமும் போன் செய்தார். "நீங்க போனதுல மத்தவங்களுக்குப் பங்கு கூடிப்போச்சு. பாவமில்லையா? மேனேஜர் வேற ஆளு பாக்கச் சொல்லுதாரு." போனை வைத்த பிறகு முப்பிடாதி அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பாள். புருஷன் போன பிறகு அந்த வேலையில்தான் வீடு ஓடுகிறது. ஆனாலும் ஜெசிந்தா மறுபடி உச்சுக்கொட்டல் வாங்குவதை நினைத்தால் பயம் ஓடிவிடும்.

வலி அவளை வைத்து வாங்கியது. குடத்தைத் தொட்டால் உயிர் போயிற்று, அதனால் தொடவில்லை. அந்தப் பக்கம் புரண்டால் அலறினாள், அதனால் புரளவில்லை. வலி சொன்னபடி கேட்டாள். ஐந்து வாரத்தில் விரல்கள் கூடிவிட்டன.

திரும்பி வந்த அன்று பங்கியை மாட்டிக்கொண்டதும் பழைய கணுக்கால் குத்தியது. முப்பிடாதி ஜெசிந்தாவின் முகத்துக்கு நேரே கையை மடக்கி விரித்துக் காட்டினாள். ஜெசிந்தா அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு ஒரு வருடமாக எறும்புக்கடி என்று நம்பி, கட்டுப் போடாமல் நடந்தே கோணிப்போன தன் காலைப் பார்த்தாள்.

"ஏளா, ரொம்ப வலிச்சிச்சா?"

"உசிரே போச்சு."

"எல்லாம் உனக்கேவா?"

"பொறவு? எனக்கே எனக்கு."

ஜெசிந்தாவின் கண்ணில் பொறாமை தெரிந்தது. அதைப் பார்க்கத்தானே முப்பிடாதி இத்தனை நாள் காத்திருந்தாள்! அன்று மத்தியானம் சோறு தேனாக இறங்கியது.

மறுநாள் முக்காலி காலியாக இருந்தது. ஜெசிந்தா பங்கியைக் கழற்றி வைத்து லீவு எழுதிவிட்டு, தன் வலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த நாள் பேச்சி தன் முதுகுவலியை எடுத்துக்கொண்டு போனாள். ஒருத்திக்குத் தோள்பட்டை, ஒருத்திக்குப் பனியில் விறைத்த விரல்கள். அவளுக்கு உண்டு, எனக்கு இல்லையா என்று ஒவ்வொருத்தியும் தன்னுடையதைத் திருப்பிக் கேட்டாள். பத்தாம் நாள் மேசையில் முப்பிடாதி மட்டும் நின்றாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக அவள் உடம்பில் ஒரு நோவும் இல்லை.

கனிராஜ் முக்காலியைத் தூக்கி வந்து துடைத்துப் போட்டார். "உக்காருங்கக்கா. நீங்களாவது லீவு கேட்டுராதிய. டீ வாங்கியாரட்டுமா?"

முப்பிடாதி உட்கார்ந்தாள். பார்க்க ஆளில்லை. இந்நேரம் பேச்சி ஜெசிந்தா வீட்டில் இருப்பாள், இருவரும் மல்லாந்து படுத்துக்கொண்டு யாருக்கு வலி அதிகம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. குளிரறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.