மாதாவுக்கு யார் கை?

பூசணிக்காயைக் குழந்தை என்று நினைத்து யாராவது மடியில் வைத்துக் கொஞ்சுவார்களா? இராக்கம்மா அத்தை கொஞ்சினார்.

"அழுவாதடா சாமி, இந்தப் பிள்ளை படத்த வரைஞ்சு முடிக்கட்டும்" என்று பூசணிக்காயைத் தட்டிக்கொடுத்தார். மதுஷாவுக்குச் சிரிப்பு வந்து பென்சில் கோணலாக ஓடியது.

"அத்தை, அசையாதீங்க!"

"நான் எங்க அசையுறேன்? பிள்ளைதான் அசையுது."

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஒரே லய வரிசையில் அடுத்தடுத்த வீடு அவர்களுக்கு. பதுளையில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக ஓர் ஓவியப் போட்டி வைத்திருந்தார்கள். தலைப்பு, 'இன்றைய மாதா'. இயேசுவின் அம்மா நம் காலத்தில், நம் ஊரில் இருந்தால் எப்படி இருப்பார் என்று வரைய வேண்டும். முதல் பரிசு ஒரு பெரிய வர்ணப் பெட்டி. மதுஷாவிடம் இருந்தவையோ பாதி காய்ந்துபோன சில வர்ணப் போத்தல்கள்தான். அந்தப் பெட்டி அவளுடைய கனவில்கூட வந்தது.

மதுஷா வரைந்த மாதா கொழுந்து பறிப்பவர். முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் சுற்றிய சாக்கு, மடியில் குழந்தை இயேசு. அந்த மாதாவாக உட்கார்ந்தவர்தான் இராக்கம்மா அத்தை. அத்தை மாரியம்மனைக் கும்பிடுகிறவர். இருந்தாலும் மதுஷா கேட்டதும் மறுப்புச் சொல்லவில்லை. மலையில் கொழுந்து பறித்துக் களைத்து வந்த பிறகும், சாயங்காலமானால் பூசணிக்காயோடு வாசற்படிக்கு வந்துவிடுவார்.

முகத்தைவிடக் கைகளுக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். நகத்தோரமெல்லாம் மெல்லிய வெடிப்புகள். மதுஷா பார்த்துப் பார்த்து வரைந்தாள். தன் படங்களிலேயே அந்தக் கைகள்தான் அழகு என்று அவளுக்கே தோன்றியது.

"இந்தக் கையவா கோயில்காரங்களுக்குக் காட்டப் போற?" என்று வெட்கப்பட்டார் அத்தை. ஆனால் மறுநாளே மலையில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய மறைக்கல்வி வகுப்பில் கூடப் படிக்கும் டெரன்ஸ் அந்தப் படத்தைப் பார்த்தான்.

"ஐயே! மாதா கையே கழுவ மாட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அது அழுக்கு இல்லை, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாத கொழுந்துச் சாயம் என்று மதுஷாவுக்குத் தெரியும். சிரித்த பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களின் அம்மாமாருக்கும் அதே கைகள்தானே! ஆனாலும் அதைச் சொல்லாமல் படத்தைச் சுருட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, வெள்ளையையும் சிவப்பையும் குழைத்து, கறுத்த விரல்களின் மேல் பூசினாள். மாதாவின் கைகள் ரோஸ் நிறமாகிவிட்டன. அத்தையிடம் அதைச் சொல்லவில்லை.

போட்டி நாளில் மதுஷாவின் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தை தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில், சுருட்டிய படத்தை, பூசணிக்காயை வைத்திருந்தது போலவே மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒருக்கா விரிச்சுப் பாக்கட்டா?"

"அங்க போய்ப் பாத்துக்கலாம் அத்தை" என்றாள் மதுஷா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மண்டபத்தில் படங்களைச் சுவரில் ஒட்டினார்கள். "ஒட்டின பிறகு யாரும் படத்தத் தொடக் கூடாது. தொட்டா அந்தப் படம் போட்டியில இல்ல" என்றார் நடுவராக வந்திருந்த சிஸ்டர். பிறகு நடுவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படங்களைப் பார்த்தார்கள். வெளியே இருந்தவர்களுக்குப் பால் சேர்க்காத பிளேன்டீ கொடுத்தார்கள்.

கதவு திறந்தபோது சில படங்களில் மட்டும் நீலக் காகிதப் பூ இருந்தது. பரிசு அவற்றில் ஒன்றுக்குத்தான். மதுஷாவின் படத்திலும் ஒரு பூ!

"அத்தை, பூ! நம்ம படத்துல பூ!" கையிலிருந்த தேத்தண்ணி சிந்தும் அளவுக்குத் துள்ளினாள்.

அத்தை கிட்டே போய்ப் பார்த்தார். கூடையைப் பார்த்துச் சிரித்தார். முகத்தைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தார். பிறகு கைகளைப் பார்த்தார். தன் கைகளை மெதுவாகச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

"மூஞ்சி அப்படியே என்னுதுதான் பிள்ளை. கை மட்டும் என்னுது இல்ல" என்றார். உடனே தானே சமாதானமும் சொன்னார். "அதுவும் சரிதான். மாதாவுக்கு என் கை எதுக்கு?"

அத்தை திட்டியிருந்தால்கூட மதுஷாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவள் நீலப் பூவைப் பார்த்தாள். சேலைக்குள் இருந்த கைகளைப் பார்த்தாள். கைக்குட்டையின் நுனியைப் பிளேன்டீயில் நனைத்து, படத்தின் கைகள் மேல் தேய்த்தாள்.

"பிள்ளை! தொடக் கூடாது!" சிஸ்டர் ஓடி வந்தார்.

"தெரியும் சிஸ்டர்."

ரோஸ் நிறம் கரைந்து வந்தது. தேயிலைச் சாயம் விரல்களில் இறங்கியது. ஆனால் முன்பு பார்த்துப் பார்த்து வரைந்த வெடிப்புகளும் அதோடு கரைந்துபோயின. ஒரு கட்டைவிரல் ஊறி, வாழைப்பழம் போல ஆகிவிட்டது.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"இது அத்தையோட கை சிஸ்டர். நான்தான் மறைச்சிட்டேன்."

சிஸ்டர் அத்தையைப் பார்த்தார். சட்டம் சட்டம்தான். நீலப் பூவை மெல்லக் கழற்றி எடுத்தார். வர்ணப் பெட்டி வேறு ஒரு பிள்ளைக்குப் போனது.

திரும்பும் பஸ்ஸில் அத்தைதான் முதலில் பேசினார். "என்னால உன் பொட்டி போச்சே."

"இல்ல அத்தை, எல்லாம் என்னாலதான். மொதல்ல வரைஞ்ச கை எவ்வளவு நல்லா இருந்துச்சு! இனி அது வராது." மதுஷா விம்மி விம்மி அழுதாள்.

அத்தை படத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். "இந்தக் கட்டைவிரல் மட்டும் நல்லாச் சாப்பிட்டிருக்கு" என்றார். அழுகைக்கு நடுவிலும் மதுஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது அந்தப் படம் அத்தை வீட்டுச் சுவரில், மாரியம்மனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று வகுப்பிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மதுஷாவுக்கு மனது கனக்கும்.

ஆனால் அத்தை வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் அவள் காதைத் தீட்டிக்கொள்வாள்.

"யாரு இது?" என்று அவர்கள் கேட்பார்கள்.

"மாதா" என்பார் அத்தை. "கை மட்டும் என்னுது."