கடைசி லைஃப்

டிவி விளையாட்டின் பாட்டு மட்டும் கேட்டது. பொத்தான் அழுத்தும் டக்டக் சத்தம் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸின் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த தாட்சாயிணிக்கு அதுதான் முதலில் உறைத்தது. மழைச்சாரலும் மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனையும் கலந்து வர, முன்னறைச் சுவரில் டிவியின் நீல வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் விழ வேண்டிய மகளின் நிழலைக் காணோம்.

“புஷ்பா, சாப்ட வாடி.”

எட்டிப் பார்த்தாள். பாய் மேல் ஜாய்ஸ்டிக் கிடந்தது. பிள்ளை இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை, குளியலறையில் இல்லை. சாரல் அடிக்கிறதென்று அவளே போட்ட தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி.

அவள் புருஷன் பரந்தாமன் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிவந்த விளையாட்டுக் கேசட். மேலே ஆயிரம் விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே ஏழெட்டுதான், அதுவே பெயரை மாற்றி மாற்றி வரும். கடைக்காரன் காதில் பூ சுற்றிவிட்டான் என்று அவனைக் கேலி பண்ணியிருக்கிறாள். அந்த ஏழெட்டையும் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். திரையில் ஓடியது அதில் எதுவும் இல்லை.

செங்கல் செங்கலாக ஒரு சந்து. அதில் இரட்டைப் பின்னலும் பச்சைப் பாவாடையுமாக, விரல் உயர உருவம் ஒன்று யாரும் அழுத்தாமலே ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அந்தப் பின்னலைப் போட்டவள் அவள்தான். பள்ளத்தின் ஓரம் வந்ததும் உருவம் தாண்டவில்லை, விழுந்தது. பாட்டு நின்றது. “அம்மா” என்று டிவிக்குள்ளிருந்து குரல் வந்தது. திரையின் மேலே மூன்று லைஃப் இரண்டானது.

பாய்ந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். அதை அவள் தொட்டதே இல்லை. எது ஓட, எது தாண்ட? அழுத்தினாள். தாண்டியது. அடுத்த பள்ளத்தில் மாவுக் கை வழுக்கியது.

மிச்சம் ஒன்று.

தோசை கருகியது. எழ முடியாது. கண்ணை எடுக்க முடியாது. தாயே, இந்த ஒரு தடவை. சந்தின் கோடியில் ஒரு கதவு தெரிந்தது. அவர்கள் வீட்டுக் கதவு.

இடி. வெளியே பரந்தாமன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம்.

“தாட்சா, கதவத் தொற. இடி இடிக்குது, டிவி இன்னாத்துக்கு ஓடிகினு கீது?”

“நிறுத்தாதீங்க. உங்க கால்ல உழுறேன், நிறுத்தாதீங்க.”

மழையில் அவனுக்குக் கேட்கவில்லை. “இரு, நானே பீஸப் புடுங்குறேன்.”

ஃபியூஸ் கட்டை வெளி வராந்தாவில் இருந்தது. போன மழையில் பக்கத்து வீட்டு டிவி புகைந்ததிலிருந்து இடி என்றால் அதைப் பிடுங்கிவிடுவது அவன் வழக்கம். கதவுக்கு இன்னும் ஒரே பள்ளம். அழுத்தினாள். உருவம் எழும்பியது. அந்தரத்தில்.

இருட்டு.

அவள் போட்ட அலறலில் பரந்தாமன் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தான். டார்ச் வெளிச்சம் அறையைச் சுற்றி வந்து மூலையில் நின்றது. அங்கே புஷ்பா. முழு உயரம், பச்சைப் பாவாடை. தாட்சாயிணிக்குப் போன உயிர் திரும்பியது.

“புள்ள இங்கதான கீது? எதுக்குக் கத்துன?”

புஷ்பா திரும்பவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தாள். நெற்றி சுவரில் முட்ட முட்ட, இருந்த இடத்திலேயே, கால்கள் மாறி மாறி.

ஜாய்ஸ்டிக் இன்னும் தாட்சாயிணியின் கையில் இருந்தது. கட்டைவிரல் தெரியாமல் பொத்தானில் பட்டது.

பிள்ளை எகிறிக் குதித்தது.