மூன்று நொடி மிஸ்டு கால்

கோபிசெட்டிபாளையத்தில் 2047இல் பெண் பார்க்க வருகிறவர்கள், நகை நட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே "உங்க வீட்டுக்கு எத்தன வான்துண்டுங்க?" என்று கேட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வீடு மனைக்கணி என்று ஒரு கணினி இருந்தது. தண்ணீர் ஏற்றுவது, துணி துவைப்பது, கதவு திறப்பது எல்லாம் அதன் பாடு. வேலை இல்லாத நேரத்திலும் அது சும்மா இருக்காது. மொட்டை மாடியில் உள்ள செவித்தட்டு வழியாக, தனக்கென்று ஒதுக்கிய ஆகாயத் துண்டைக் கேட்டு, வேற்றுலகத்தார் யாராவது பேசுகிறார்களா என்று சலித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குக் கணிக்கொடை என்று பெயர். உலகம் முழுக்க நாற்பது கோடி வீடுகள் கொடுத்தன. விண்செவி என்ற அமைப்பு அத்தனையையும் கோத்துப் பார்த்தது. கொடுப்பவருக்குக் கையை விட்டு எதுவும் போகாது, வாசலில் மாட்ட ஒரு நட்சத்திர வில்லை வேறு கிடைக்கும். இந்த மாதிரி தானத்துக்கு நம் ஜனங்களிடம் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

துளசிமணியின் வாசலிலும் வில்லை இருந்தது. ஆனால் அவள் வீட்டுக் கணிக்கு ஓய்வு குறைவு. கணவர் குழந்தைவேலு, சத்தி ரூட்டில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டிய நடைத்துணைதான் அவரை நடத்தியது. எந்தத் தசையை எப்போது தூண்டுவது என்று நொடிக்கு நூறு தடவை கணக்குப் போட்டுச் சொல்வது மனைக்கணி. எட்டு மாதப் பயிற்சியில் அவர் கூடத்திலிருந்து சமையலறை வரை தானே வந்து காபி வாங்கிப்போகும் அளவுக்குத் தேறியிருந்தார்.

ஒரு நாள் காலை அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது கணி வாராந்தரக் கணக்கை ஒப்பித்தது. ஐந்து நொடிக்குக் குறைந்த ஒலியெல்லாம் பிழைக்கூடைக்குப் போகும், அழிக்கலாமா என்று கேட்கும். மற்ற வீடுகளில் கேள்வி முடியும் முன்பே "ம்" என்பார்கள். துளசிமணி காய்கறித் தோலைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் வெளியே போடுவாள். மாதக்கணக்கில் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருந்த பட்டியலைத் திரையில் போடச் சொன்னாள்.

"இத பாருங்க மாமா. மண்டல விரதமாட்ட நாப்பத்தெட்டு நாளைக்கு ஒருக்கா வருது. நாலு தடவ வந்திருக்குது. மூணே நொடி, அப்பறம் கட்டாயிருது."

குழந்தைவேலு சிரித்தார். "எவனோ மிஸ்டு கால் குடுக்கறான் போல."

அவள் கத்தி அப்படியே நின்றது. கல்யாணம் நிச்சயமான புதிதில் அவர் சத்தி பஸ் ஸ்டாண்டிலிருந்து தினமும் மத்தியானம் அவளுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். போன் அப்பாவிடம் இருந்தது. நாற்பது நாள் அவளால் கூப்பிட முடியவில்லை. நாற்பத்தோராம் நாள் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டாள்.

அவள் விண்செவிக்கு எழுதினாள். அவர்கள் உலகத்துப் பிழைக்கூடைகளையெல்லாம் கிளறினார்கள். இருபத்திரண்டு ஒளியாண்டுக்கு அப்பால், ஒரு மங்கிய சூரியனைச் சுற்றும் கிரகத்திலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது உறுதியானது. கோபியில் துளசிமணிக்கு பிளெக்ஸ் வைத்தார்கள்.

பதில் சொல்வது எப்படி என்ற பேச்சு அதன் பிறகுதான் வந்தது. இத்தனை நாள் கேட்ட செவித்தட்டுகளே இனிப் பேசவேண்டும். எல்லாம் ஒரே மூச்சாக ஒலிக்கவேண்டுமானால், கொடுக்கிற வீட்டின் கணி பதினோரு நாள் வேறு எந்த வேலையும் செய்யாமல் சுதி சேர்க்கவேண்டும். நாற்பது கோடி வீடும் சேர்ந்தால் ஐம்பது நிமிடம் பேசலாம். வீடு குறையக் குறைய நேரமும் குறையும். ஒவ்வொரு வீட்டுத் திரையிலும் இரண்டு பொத்தான்கள் வந்தன. ஒன்று 'கொடு', மற்றது 'பிறகு'. 'மாட்டேன்' என்று ஒன்று வைத்தால் ஜனங்கள் மனசு புண்படும் என்று வைக்கவில்லை.

மேல்வீட்டுப் பரிமளம் வந்து உட்கார்ந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க துளசிக்கா. வைகாசில மகனுக்குக் கல்யாணமுங்க. வீடு நெறைய ஒரம்பர சனம் வந்து தங்கும். கணியில்லாம பதினோரு நாளுக்கு எப்படிங்க? அந்தக் கெரகத்துக்காரங்க இத்தன காலம் பொறுத்தாங்க, இன்னொரு வருசம் பொறுக்க மாட்டாங்களா?"

துளசிமணிக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றே, கணவருக்கு நடைப்பயிற்சி தரும் மருத்துவரிடம் கணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டபோது அந்தக் கோபம் அடங்கிவிட்டது.

"பதினோரு நாள் நடக்கலைன்னா, கால் படிச்சதெல்லாம் மறந்துடும்மா. மறுபடி படிக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

அவள் 'பிறகு' பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள். நடைத்துணை கிர்ரென்று சத்தம் போட, குழந்தைவேலு சமையலறைக்கு வந்து சேர்ந்தார்.

"என்ன அம்மிணி பண்றே?"

"எனக்கு எவன் ரிங்கும் வேண்டாம் மாமா. நீங்க நடந்தாப் போதும்."

"நாப்பது நாள் குடுத்தனே, அப்ப நெஞ்சு எப்படிக் கெடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. எடுக்க ஆளிருக்குதா இல்லையான்னே தெரியாம குடுக்கறவன் பாடு எனக்குத் தெரியும்." இடது கையை நீட்டி 'கொடு'வை அவரே அழுத்தினார். அவளுக்கு அவர் மேல் வந்த கோபமும் பிரியமும் ஒன்றாகவே இருந்தன.

பதினோரு நாள் அவர் கட்டிலில் கிடந்தார். துளசிமணி குடத்தில் தண்ணீர் சுமந்தாள், கையால் துவைத்தாள். மூன்றாம் நாளிலிருந்து கால் விறைக்கத் தொடங்கியது. எண்ணெய் தேய்த்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் பதில் புறப்பட்டது. கொடுத்தவை நாலு லட்சம் வீடுகள். ஆயிரத்துக்கு ஒன்று. மற்றவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், 'பிறகு'வை அழுத்தியிருந்தார்கள். எழுதி வைத்திருந்த ஐம்பது நிமிடச் சேதிக்கு நேரம் இல்லை. மூன்று நொடி ஒலித்து அறுந்தது. விண்செவி இதை மனிதகுலத்தின் முதல் குரல் என்று கொண்டாடி, நாற்பது கோடி வீட்டுக்கும் புது வில்லை அனுப்பியது. பரிமளம் அதைக் கல்யாணப் பந்தலில் மாட்டினாள்.

குழந்தைவேலுவுக்கு நடைத்துணையை மறுபடி கட்டினார்கள். கால் அசையவில்லை.

"கஞ்சப் பிசினாறிக," என்றாள் துளசிமணி. "நம்மளுதும் மூணு நொடி மிஸ்டு கால் ஆயிருச்சு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மூணு நொடி.

"மாமா, அங்கிருந்து கூப்புடறவியளத்தான் நான் இத்தன நாளா கஞ்சம்னு நெனச்சுட்டு இருந்தேன். அங்கயும் பொத்தான் வெச்சிருப்பாங்களோ?"

அவர் இடது கையால் விறைத்த காலைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப அங்கயும் எவனோ படுத்துக் கெடந்திருக்கான். மண்டலத்துக்கு ஒருக்கா." அவர் கண் நிறைந்தது.

அந்த வாரமே ஐந்தாவது அழைப்பு வந்தது. பதினோரு நாள் உழைப்புக்குப் பின் மனைக்கணி பழைய அமைப்புக்கே திரும்பியிருந்தது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவளிடம் தன் வழக்கமான குரலில் சொன்னது: "மூன்று நொடி. பாதியில் அறுபட்டது. பிழைக்கூடையில் உள்ளது. அழிக்கலாமா?"

"வேண்டாம்," என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து அங்கே ஒரு கணியும் இதே கேள்வியைக் கேட்கும். அந்த நேரம் பார்த்து, அங்கேயும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.