சொல்லாமல் வெட்டிய வாகை

ஸ்ரீரங்கம் மேலூர்ப் பக்கம், கொள்ளிடக் கரைக்குப் போகிற பாதையில் இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்கு சித்தார்த்தனும் அனுசுயாவும் குடிவந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. முன்பு இருந்தது காட்டூரில், மெயின் ரோட்டைப் பார்த்த மாடிப் போர்ஷன். ராத்திரி பகல் தெரியாமல் லாரிச் சத்தம். ஆறு மாத வயிற்றோடு அவளால் அங்கே கண்ணை மூட முடியவில்லை. ஆறு வருஷம் கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அவள் அலைந்து, சாமி நம்பிக்கை இல்லாத அவனும் கோயில் வாசல் வரை வந்து செருப்புக்குக் காவல் நின்று, கடைசியில் தங்கிய கரு. அது நல்லபடியாக வெளியே வர வேண்டும். அதைத் தவிர அந்த வருஷம் அவர்களுக்கு வேறு கவலை கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வாகை மரம் நின்றது. ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் விரல் நுனிகள் தொட்டுக்கொள்கிற பருமன். சித்திரை பிறந்தும் பழைய நெற்றுகள் உதிராமல், அதற்கு நடுவிலேயே புதுத் தளிர் விட்டிருந்தது. காற்று வந்தால் நெற்றெல்லாம் கலகலவென்று ஆடும். "யாரோ கூட்டமா உக்காந்து பேசற மாதிரி இருக்குங்க" என்பாள் அனுசுயா. ஒரு பெரிய கிளை அவள் படுக்கிற அறையின் ஓட்டுக்கு மேலேயே சாய்ந்து கிடந்தது. ஒரு நாள் முறிந்தால் நேரே கட்டில்தான்.

போதாக்குறைக்கு லால்குடியிலிருந்து அவள் அம்மா போனில் உத்தரவு போட்டிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு ஹீட்டர் தண்ணியெல்லாம் ஆகாது, விறகு அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சிய வெந்நீர்தான் ஊற்ற வேண்டும், விறகு தயார் பண்ணி வைக்கச் சொல்லு மாப்பிள்ளையை என்று. மாப்பிள்ளை இரண்டு காரியத்தையும் ஒன்றாக முடிக்கத் தீர்மானித்தான்.

அதற்காக வந்ததுதான் அந்த பேட்டரி ரம்பம். துவாக்குடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவனுக்கு மிஷின் என்றால் கேட்க வேண்டுமா? பெட்டியைப் பிரித்து, சங்கிலியை மாட்டி, ஆயில் ஊற்றி, இரண்டு பேட்டரியையும் சமையலறை பிளக்கில் சார்ஜ் போட்டு, பச்சை விளக்கு நான்கும் எரிகிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். கல்யாணமான புதிதில்கூட என்னை இப்படிப் பார்த்ததில்லை என்று அனுசுயா சிரித்தாள்.

"பெட்ரோல் மிஷின்னா தெருவே அலறும். புகை வேற, உனக்குக் கொமட்டும். இது பாரு, விரல எடுத்தா கப்புனு நின்னுரும்" என்றான். அவளுக்காகத்தான் பார்த்துப் பார்த்து அதை வாங்கினான். பின்னால் நினைத்து நினைத்து அவன் வெந்துபோனது அதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தான். சத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிற அளவுக்கு ஒரு உறுமல், அப்புறம் நிசப்தம். ஏணி வைத்துக் கிளைகளைக் கழித்தான். பிறகு சாய வேண்டிய பக்கம் அடிமரத்தில் வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு அறுப்பு. சரியாக உச்சி வெயிலில் மரம் சாய்ந்தது. ஒரு அணில் கடைசி வரை கிளையிலேயே உட்கார்ந்திருந்து, மரத்தோடு தரைக்கு வந்து, என்ன நடந்தது என்று புரியாமல் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

சாயங்காலம் ஆட்டுக்குத் தழை எடுக்க அடுத்த வீட்டு வள்ளிக்கண்ணு வந்தாள். நாற்பத்தைந்து வயசு, வாய் ஓயாத பெண்மணி. பின்கட்டுக்கு வந்தவள் வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன தம்பி, மரத்தக் காணோம்? நான் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான இருந்தேன். சத்தமே கேக்கலையே?"

"அதான் பேட்டரி அக்கா" என்றான் சித்தார்த்தன் பெருமையாக.

"சொல்லிட்டுத்தான வெட்டுனீங்க?"

"யாருகிட்ட? கார்ப்பரேஷன்லயா?"

"மரத்துக்கிட்ட."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு இருவது வருசம் கோடாலி புடிச்சவரு. எந்தப் பழைய மரமா இருந்தாலும் முந்தின நாளே போயி, கோடாலிக் காம்பால மூணு தட்டுத் தட்டுவாரு. 'நாளைக்கு வெட்டப் போறோம், குடியிருக்கறவங்க வேற எடம் பாத்துக்குங்க'ன்னு சொல்லிட்டு வந்து, மறுநாள்தான் கை வெப்பாரு. பெட்ரோல் மிஷின் வந்தப்புறம் யாரும் சொல்றதில்ல. ஆனா அது போடற கூச்சல்ல எல்லாம் தானா தெரிஞ்சிக்கிட்டுக் கெளம்பிரும். இது என்னமோ..."

"குடியிருந்தது ஒரு அணில் அக்கா. அதுக்கு வேணா அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துடறேன்."

வள்ளிக்கண்ணு கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள். சிமெண்டுத் தரை, கிணற்றடி, மண்டை காய்ந்துபோன ஒரு தென்னை.

"உசுரு ஓடற மரம் வேற ஒண்ணுகூட இல்லையே இங்க. செத்ததுல அது தங்காதே தம்பி, அது எங்கதான் போகும்?"

அப்போது அனுசுயா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள். வள்ளிக்கண்ணுவின் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி வயிற்றில் நின்றது. கட்டி வைத்திருந்த தழையையும் அங்கேயே போட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

அந்த வாரம் அவனுக்கு இரண்டாவது ஷிஃப்ட். மத்தியானம் வரை வீட்டில்தான் இருப்பான். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேல் அடிமரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். கொல்லை முழுக்கப் பச்சை மரத்தின் வாடை, துவர்ப்பாக, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. ஒரு துண்டு விழுந்ததும் விரலை எடுத்தான். சங்கிலி நின்றது.

கலகலவென்று நெற்றுச் சத்தம் கேட்டது.

மூலையில் குவித்து வைத்திருந்த நெற்றுகளைப் பார்த்தான். ஒன்றுகூட அசையவில்லை. காற்றே இல்லை.

சத்தம் தலைக்கு மேலேயிருந்து வந்தது.

நிமிர்ந்து பார்த்தான். வெளுத்துப்போன வானம் மட்டும் இருந்தது. வெயிலில் நின்றதால் காது அடைக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மறுபடி ரம்பத்தை அழுத்தினான். அதன் உறுமல் அப்போது அவனுக்குத் துணையாக இருந்தது. விரலை எடுக்கத்தான் பயமாக இருந்தது.

மறுநாள் வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போனான். சிமெண்டு தீயாகச் சுட்டது. தத்தித் தத்திப் போனவனின் காலில் ஓரிடம் சில்லென்று பட்டது. நின்றான். அடர்ந்த மரத்தடியில் நின்றால் வருமே ஒரு குளிர்ச்சி, அது. ஆனால் நிழல் இல்லை. அவன் தலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காலால் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு முறம் அளவுக்கு வட்டமாக இருந்தது குளிர்ச்சி. ஃபிட்டர் புத்தி, சும்மா இருக்குமா? சாக்பீஸ் எடுத்து வந்து ஓரத்தில் கோடு போட்டான்.

கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தான். கோட்டுக்குள் தரை சுட்டது. குளிர்ச்சி இரண்டடி தள்ளிப் போயிருந்தது.

இன்னொரு கோடு போட்டான்.

மறுபடி நகர்ந்திருந்தது.

ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்குள் ஆறு வட்டம் போட்டுவிட்டான். முதல் வட்டம் வெட்டிய அடிக்கட்டைக்குப் பக்கத்தில். ஆறாவது வட்டம் பின்வாசல் படியில். அனுசுயாவிடம் எதுவும் சொல்லவில்லை. வேலையில் கை ஓடவில்லை. மணிக்கு ஒரு தடவை போன் பண்ணிக்கொண்டே இருந்தான்.

புதன்கிழமை காலையில் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் தரையைத் தடவிப் பார்த்தான். சமையலறையில் இல்லை. கூடத்தில் இல்லை. போய்த் தொலைந்தது என்று பெருமூச்சு விட்டான். விறகைப் பிளந்து அடுக்கினால் மனசு கொஞ்சம் தெளியும் என்று கொல்லைக்குப் போனான்.

பன்னிரண்டு மணி இருக்கும். அவன் ரம்பத்தைத் தொடவே இல்லை.

டொக்.

கட்டையில் தட்டுகிற சத்தம் இல்லை அது. மந்தமாக, உள்ளே தண்ணீர் இருக்கிற பானையைத் தட்டியது மாதிரி.

டொக்.

வீட்டுக்குள்ளேயிருந்து.

டொக்.

ஓடினான். அனுசுயா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கையையும் வயிற்றின் மேல் குறுக்காகப் போட்டு மூடியிருந்தாள்.

"என்னம்மா? குழந்தை உதைச்சுதா?"

அவள் தலையை ஆட்டினாள். "உள்ளேர்ந்து இல்லங்க. வெளியிலேர்ந்து. யாரோ தட்டுனாங்க. மூணு வாட்டி."

"யாரு?"

"யாரையும் காணோம். பச்சை வாடை மட்டும் வந்துச்சு. அப்புறம் ஒரு கொரலு." அவள் குரல் காற்றாக இறங்கியது. "நாளைக்கு வரேன், வேற எடம் பாத்துக்கன்னு சொல்லிச்சுங்க."

"உங்கிட்டயா?"

"எங்கிட்ட இல்லங்க. உள்ள இருக்கறதுகிட்ட."

வள்ளிக்கண்ணு சொன்னதெல்லாம் இவளுக்குத் தெரியாது. அவன் இவளிடம் சொல்லவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் நின்ற தரை சில்லிட்டுக் கிடந்தது.

ஆட்டோவுக்கு போன் பண்ணிவிட்டுக் கொல்லைக்கு ஓடினான். அடிக்கட்டைக்கு முன்னால் மண்டியிட்டான். சாமி, பூதம் எதற்கும் வீட்டில் இடம் கொடுக்காத அப்பாவுக்குப் பிறந்தவன், எப்படிக் கும்பிடுவது என்றுகூடச் சரியாகத் தெரியாதவன், வெட்டிய மரத்தின் வெள்ளை முகத்தில் நெற்றியை வைத்து அழுதான்.

"தெரியாம பண்ணிட்டேன். வெட்டுனது நான். எங்கிட்ட வா. என்ன வேணா பண்ணிக்க. அது ஆறு வருசம் கழிச்சு வந்தது, அத விட்டுரு."

நெற்றி பட்ட இடம் வெயிலில் சுட்டது, குளிர்ச்சி துளியும் இல்லை. அங்கே யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கேட்க வேண்டியது வீட்டுக்குள் இருந்தது.

ஆட்டோ காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, குழந்தையின் துடிப்பு கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, படுக்க வைத்துப் பார்ப்போம் என்றார். அன்று ராத்திரி முழுக்க சித்தார்த்தன் அவள் வயிற்றில் மாட்டியிருந்த மிஷினின் லப்டப்பை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மறுநாள் பதினொன்றரைக்கு அந்தச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். கையெழுத்து போடச் சொன்னார்கள், போட்டான். கதவு மூடிக்கொண்டது.

சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு ஒரு அழுகைச் சத்தம் கேட்டது.

"பொண்ணுங்க" என்றாள் பஸீலா என்ற நர்ஸ், துணியில் சுற்றிய ஒரு கைப்பிடி உயிரைக் காட்டி. "எடை கம்மிதான். ஆனா பாருங்க, எப்படிக் கத்துதுன்னு! கண்ணாடி ரூம்ல கொஞ்ச நாள் வெச்சாப் போதும், தேறிரும். ஆனா இன்னும் அரை மணி விட்டிருந்தா கஷ்டங்க."

சித்தார்த்தன் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இவ்வளவு சந்தோஷம் அவனுக்கு அதற்கு முன் வந்ததில்லை. அழுது முடித்ததும்தான் அந்த நினைப்பு வந்தது. அது சொல்லிவிட்டல்லவா வந்தது! தான் செய்யாத மரியாதையை அது செய்திருக்கிறது. ஒரு நாள் அவகாசம் கொடுத்தது. குழந்தை தப்பி வெளியே வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. கும்பிட்டான்.

நாலு மணிக்கு அனுசுயாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் அவள் கட்டில் மேல் விழுந்திருந்தது. பஸீலா வந்து, கர்ப்பப்பை சுருங்கிவிட்டதா என்று அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டவள் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அவனைப் பார்க்காமலே, "டாக்டரக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

அனுசுயா மெல்லக் கண் திறந்தாள்.

"குழந்தை எங்கங்க?"

"கண்ணாடி ரூம்ல இருக்கும்மா. இப்பதான் பாத்துட்டு வரேன். கையக் கால ஆட்டிக்கிட்டு நல்லாருக்கு."

"நெசமாத்தான?"

"நெசமாத்தான். வெளிய வந்தாச்சு. இனிமே ஒண்ணும் பயமில்ல."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, போர்வைக்கு அடியில் கொண்டுபோய், தையல் போட்ட கட்டுக்கு மேலே தன் வயிற்றில் வைத்து அழுத்தினாள்.

"அப்ப இது யாருங்க?"

அவன் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ ஒன்று, அவசரமே இல்லாமல், வசதியாகப் புரண்டு படுத்தது.