கம்பர்லாந்துக் கோட்டையின் கடைசி உரிமையாளர்

போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கதவை அமலினி தட்டியபோது காலை பத்து மணி. அந்த வீட்டுக்காரர் கோபாலசிங்கம் யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் நொத்தாரிசு ஒருவரிடம் காணி உறுதிகள் எழுதியவர். இப்போது இத்தாலியின் பலெர்மோவில் மாடிப்படி கழுவினாலும், கடதாசிச் சிக்கல் என்றால் தமிழர்கள் அவரிடம்தான் வருவார்கள். அவருக்கு மொழிபெயர்க்கும் ஜூலியும் அங்கே இருந்தாள்.

"அண்ணை, நான் வீட்டோடை நிண்டு பாக்கிற இங்கிலீசுக்காரக் கிழவர் ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனார். நான் கோயில் பூசையாலை வரேக்கை குளிர்ந்துபோய்க் கிடந்தார். இதய மருந்துப் போத்தல் வெறுமை. நான் அதைக் கட்டிலடியிலை விட்டிட்டுப் போனதாலைதான் எடுத்துக் குடிச்சவர் எண்டு அவரின்ரை பெறாமகன் மார்ட்டின் சொல்லுறான். நாளைக்குப் பொலிசுக்கு, குவெஸ்தூராவுக்கு வரட்டாம்."

"விட்டனீரோ?"

"இல்லை. அலுமாரியிலை வைச்சுப் பூட்டினனான். மற்றத் திறப்பு அவனிட்டை."

கிழவரின் மேசையில் கிடந்த கடிதத்தை அவள் போனில் படம் எடுத்திருந்தாள். ஜூலி வாசித்தாள். தட்டச்சில் நான்கே வரிகள்: 'எனக்கு வாழ்ந்தது போதும். கம்பிரியாவிலுள்ள என் கோட்டை இனி மார்ட்டினின் பொறுப்பு.' திகதி, போன சனிக்கிழமை. நீண்ட வெற்றிடத்துக்குக் கீழே, தாளின் அடியில் 'ஆர்தர்' என்று உருண்டையான கையெழுத்து.

"அப்ப தற்கொலைதானே, அண்ணை?" என்றாள் ஜூலி.

"வீட்டைப் பாப்பம்" என்றார் அவர்.

கபோச் சந்தைப் பக்கம் இருந்த கிழவரின் வீட்டில், மேசைக்கு மேலே கோட்டையின் கதையை ஆர்தரே எழுதி மாட்டியிருந்தார். கட்டிய பிரபுவின் தலையை வெட்டிவிட்டு அரசன் அதை எடுத்தான். அரசனிடமிருந்து பெற்றவனின் மூத்த மகன், தம்பியை நிலவறையில் பட்டினி போட்டுக் கொன்றான். கடைசியில் ஒரு நிலக்கரி முதலாளி வாங்கினார். ஆர்தர் அவருடைய பேரன். தலைப்பிலிருந்து இறுதி வரி வரை கம்பர்லாந்து என்றே இருந்தது.

"உறுதியளை வாசிச்சால் ஆர் ஆரைக் கொன்றவை எண்டு தெரியும்" என்றார் கோபாலசிங்கம்.

கோட்டையைப் பற்றிப் போன கிழமை வந்த கடிதம் ஒன்று மேசையில் இருந்தது. அதில் 'கம்பிரியா' என்ற சொல்லின் மேல் புழு நெளிந்தது போல ஒரு பேனாக் கோடு.

"அந்தப் பேர் கண்டால் பேனை கேட்டு வெட்டுவார். ஒரு வருசமா கை நடுக்கம். சாப்பாடும் நான்தான் தீத்துறது. மார்ட்டின் கோட்டையை ஹோட்டல்காரருக்கு வித்துத் தரச்சொல்லிக் கேக்க, கிழவர் ஏசிக் கலைச்சவர்" என்றாள் அமலினி.

கோபாலசிங்கம் அவளுடைய போனில் இருந்த வெற்றுப் போத்தலின் படத்தைப் பார்த்தார். அமத்தித் திருகித் திறக்கும் மூடி.

மறுநாள் குவெஸ்தூராவில் பெண் அதிகாரியின் முன், மார்ட்டினும் இருக்க, அவர் நிதானமாகச் சொன்னார். ஜூலி இத்தாலியனில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எழுபத்துநாலிலை கம்பர்லாந்தைப் பக்கத்து இடங்களோடை சேர்த்துக் கம்பிரியா எண்டு ஆக்கினவை. கிழவர் அந்தப் பேரைச் சாகுமட்டும் ஏற்கேல்லை. தன்ரை கடைசிக் கடிதத்திலை எழுதுவாரோ? கரண்டி பிடிக்கேலாத கை சனிக்கிழமை இவ்வளவு உருண்டையாக் கையெழுத்து வைக்குமோ? அது கை நல்லா இருந்த காலத்திலை வெறுந்தாளிலை வாங்கின கையெழுத்து. எழுத்துப் பிறகு வந்தது. அதுதான் நடுவிலை இவ்வளவு வெளி. அந்தக் கையாலை போத்தல் மூடியையும் திறக்கேலாது. வேறை ஒருத்தர் திறந்து பருக்கியிருக்கிறார்."

"அவருடைய தாள்களை யார் பார்த்துக்கொண்டது?" என்று அதிகாரி கேட்டார்.

மார்ட்டின், "நான்தான்" என்றான். "அந்தக் கோட்டை வெறும் இடிந்த சுவர்" என்றான். "அவர் ஒருநாளும் விற்றிருக்க மாட்டார்." பிறகு வழக்கறிஞர் வேண்டும் என்றான்.

அதிகாரி பிரேத பரிசோதனை அறிக்கையைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். ஜூலி அதைக் கோபாலசிங்கத்தின் காதில் மட்டும் சொன்னாள். தாடையின் இரண்டு பக்கமும் வாயைப் பலவந்தமாகத் திறந்த விரல்களின் கன்றல்கள்.

வெளியே வெயில் எரித்தது. அமலினி மேல் இனிப் பழி இல்லை. ஆனால் வேலையும் இல்லை, படுக்க இடமும் இல்லை. உடுப்புப் பையை நிலத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணை, நான் கரண்டியைக் கொண்டுபோனால் ஆரெண்டும் பாராமல் வாயைத் திறப்பார். அப்பிடித்தான் குடிச்சவரோ? பயப்படேல்லையோ?"

ஜூலி வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றார் கோபாலசிங்கம். "பயப்படேல்லை."